திருப்பிக் கொடுத்த வாய்க்கரிசி

தலத்தெருவில் அந்த வீட்டுக்கு நான் முதல் தடவை போனது நல்ல உச்சி வெயிலில். பேய்க்கதையை ராத்திரியில் ஆரம்பிப்பதுதான் வழக்கம். நான் சொல்லப்போவது எல்லாமே பகலில் நடந்தது. உச்சிவேளையில் பிள்ளையைத் தெருவில் விடாதே என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பதில்லை.

என் பெயர் பங்கஜவல்லி. வீடு கோவில்பத்தில். படுக்கையில் விழுந்த பெரியவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிறேன். பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. நானும் நாலைந்து பேரும்தான்.

அந்த வீட்டுக் கதவு பிரெஞ்சுக்காரன் காலத்து உயரக் கதவு. நான் தட்டக் கை தூக்கும்போதே திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒல்லியான பெரியவர், வாய் நிறைய வெற்றிலையோடு, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். உலகத்தில் ஒருத்தனையும் மதிப்பதில்லை என்று எப்போதோ முடிவு செய்துவிட்ட முகம். அவர்தான் கைலாசநாதன். பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

கூடத்தில் இரண்டு கட்டில்களை ஒட்டிப் போட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கொசுவலை கட்டியிருந்தது. ஒரு கட்டிலில் தெட்சிணாமூர்த்தி படுத்திருந்தார். மின்துறையில் லைன்மேனாக இருந்தவர், பெரிய தோள்கள். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல்தான் மிச்சம்.

"கைலா."

பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான்.

"ஏதாவது கேக்கணுமா?" என்றார் கைலாசநாதன்.

"என்னா சாப்புடுறாரு, முதுகுல புண்ணு இருக்கா, அவ்வளவுதான் சார்."

"நாங்க ரெண்டு பேரும் என்னா உறவுன்னு கேக்கலையா?"

"அது எங்க வேலைக்கு வேண்டியதில்ல சார்."

"முன்னாடி ஒருத்தன் வந்தான், டை கட்டிக்கிட்டு. அண்ணன் தம்பியான்னு கேட்டான். இல்லன்னேன். அப்ப யாரு சார்னு ஒரு சிரிப்பு சிரிச்சான் பாரு. வாயில இருந்த எச்சிய அவன் ஷூ மேலயே துப்பிட்டேன்."

கட்டிலில் இருந்தவர் தொண்டைக்குள் களக் களக்கென்று சிரித்தார். பாதி முகம் மட்டும் சிரித்தது.

என்னிடம் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன். அந்த வீட்டில் கட்டில் எப்படிப் போட்டிருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். யார் யாருக்குப் பக்கத்தில் படுக்கிறார்கள் என்று பார்க்க உன்னை அனுப்பவில்லை. உடம்பைத் துடைத்துவிடு, திருப்பிப் படுக்க வை, மரியாதையாகப் பேசு. புடவை கட்டுகிறவருக்குப் புடவை கட்டிவிடு, அவர் பெயர் என்று எதைச் சொல்கிறாரோ அதைச் சொல்லிக் கூப்பிடு. டவுனில் ஒரு வயதான திருநங்கைக்கு வேறொரு இடத்து ஆட்கள் முடியை வெட்டி லுங்கி கட்டிவிட்டுப் போனார்களாம், சுலபமாக இருக்கும் என்று. அந்த அம்மா இப்போது எங்களிடம்தான். திருமலைராயன்பட்டினத்தில் ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு டீச்சரம்மாக்களும் எங்களிடம்தான். மற்ற இடங்களில் பார்க்க மாட்டார்கள், பார்த்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்கள்.

தெருக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வேலையில் சேர்ந்த வயதிலிருந்து கூடவே இருந்த இரண்டு பேரையும் "ரூம்மேட்டு" என்று சொல்லிக் கண்ணடிப்பார்கள். அப்படிக் கண்ணடிக்கிற ஆட்களில் பாதிப் பேர் கட்டின பொண்டாட்டியிடம் முகம் கொடுத்துப் பேசி மாமாங்கம் ஆகிறது. ஆனால் கரண்ட் போனால் மட்டும் "தெட்சிணா அண்ணே" என்று அந்த வாசலுக்குத்தான் ஓடி வந்திருக்கிறார்கள்.

அந்த வீட்டுக்கு அஸ்கரைப் போட்டேன். நாற்பது வயது, திருமலைராயன்பட்டினத்துக்காரன், குவைத்தில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். கைலாசநாதனின் வாயைச் சமாளிக்க அவன்தான் லாயக்கு.

ஒரு நாள் நான் கிளம்பும்போது கைலாசநாதன் வாசல் வரை வந்தார்.

"பங்கஜம், ஒண்ணு கேக்குறேன். நான் முன்னாடி போயிட்டேன்னா இவன இந்த வீட்ட விட்டு எவனும் தூக்கிட்டுப் போகக் கூடாது. இவன் இங்கதான் சாகணும்."

"நான் பாத்துக்குறேன் சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தெருவில் எச்சில் துப்பினார்.

"ஒன்னால முடியாது. நானே பாத்துக்குறேன்."

மாங்கனித் திருவிழா முடிந்து தெருவெல்லாம் மாம்பழத் தோலாகக் கிடந்த சமயத்தில், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் போய்விட்டார்.

அவருடைய அண்ணன் மகன் கும்பகோணத்திலிருந்து வந்தான். சிவக்குமார். கல்லூரி கல்லூரியாகப் போய்த் தன்னம்பிக்கைப் பேச்சு பேசுகிறவன். மைக் இல்லாத இடத்திலும் மைக் முன்னால் நிற்பது போலத்தான் பேசுவான். சித்தப்பா உயிரோடு இருந்தபோது அந்த வாசலை மிதித்ததில்லை. "அங்க போனா என் இமேஜ் என்னாவுறது" என்று சொல்லியிருக்கிறானாம். வீடு தாத்தா கட்டினது, இனி தனக்குத்தான் என்று தெரிந்ததும் இமேஜ் ஒன்றும் ஆகவில்லை.

ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் திறந்து, வாய்க்கட்டைத் தளர்த்தி, வாய்க்கரிசி போட ஆரம்பித்தார்கள். அஸ்கர் தெட்சிணாமூர்த்தியை வீல்சேரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தான். அவர் இடது கையில் ஒரு பிடி பச்சரிசியைக் கொடுத்தேன். விரல்களை இறுக்க மூடிக்கொண்டார்.

சொந்தத்தில் பெரியவர் என்று சோமு மாமா ஒருத்தர் இருந்தார். அவர் கையை நீட்டி வீல்சேரை மறித்தார்.

"பீச்சாங்கையாலயா? பீச்சாங்கையால வாய்க்கரிசி போட்டா போற உசுருக்கு வழி கெடைக்குமா?"

"வலது கை விளங்காதுங்க," என்றேன். "நான் அந்தக் கையப் புடிச்சிக்கிட்டுப் போட வைக்கிறேன்."

சிவக்குமார் இரண்டு எட்டில் வந்தான். "மேடம், சென்டிமென்ட் வேணாம். ரத்த சொந்தம் போட்டா போதும். இவரு யாரு?"

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட வாய்கள்.

சிவக்குமார் குனிந்து, தெட்சிணாமூர்த்தியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். அந்த அரிசியைத் தன் கையில் கொட்டிக்கொண்டான். கூட வந்தவன் செல்போனில் வீடியோ எடுக்க, அதே அரிசியைச் சித்தப்பா வாயில் அடைத்தான். வீடியோவில் சரியாக விழவில்லை என்று இன்னொரு பிடி. உதட்டோரம் வழிகிற அளவுக்கு.

"கைலா," என்றார் தெட்சிணாமூர்த்தி. பாடையைத் தூக்கிக்கொண்டு போகும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்ற அஸ்கர் என்னிடம் மெல்லச் சொன்னான். "எங்க ஆளுங்கள்ல மூணு கைப்பிடி மண்ணுக்கா. யாரு வேணாலும் போடலாம். எந்தக் கைன்னு எவனும் பாக்குறதில்ல."

பால் தெளித்துவிட்டு சொந்தக்காரர்கள் போய்ச் சேர்ந்தார்கள். சிவக்குமாரும் அவன் மனைவி தீபாவும் மட்டும் வீட்டை ஒழுங்கு பண்ண வேண்டும் என்று தங்கினார்கள். அவன் பண்ணின முதல் ஒழுங்கு, கொசுவலையை அறுத்துப் போட்டு, ஒட்டியிருந்த கட்டில்களைப் பிரித்தது. செத்தவர் கட்டில் உள்ளே கிடக்கக் கூடாதாம். கைலாசநாதனின் கட்டிலைக் கொல்லையில் கிணற்றடியில் போட்டான்.

அடுத்த நாள் மத்தியானம் அஸ்கர் போன் பண்ணினான்.

"அக்கா, இங்க யாரோ துப்புறாங்க."

"யாரு?"

"அதாங்க்கா தெரியல. கொல்லையில அந்தக் கட்டில் பக்கத்துல. காறி, தூன்னு. போய்ப் பாத்தா ஆளக் காணும். தரையில மட்டும் செவப்பா கெடக்கு. காயல."

"தெருவுல எவனாச்சும் வம்பு பண்ணுவான்."

"பன்னீர்ப் பொகையில வாசம் எனக்குத் தெரியாதா? ஐயா போடுற வெத்தல." அவன் குரலைத் தாழ்த்தினான். "குவைத்துல பொணக் கெடங்குல வேல பாத்திருக்கேன். எந்தப் பொணமும் என்னை ஒண்ணும் சொன்னதில்லக்கா. இது என்னைச் சொல்லல. ஆனா யாரையோ சொல்லுது."

மறுநாள் கொடியில் காய்ந்த சிவக்குமாரின் வெள்ளைச் சட்டைகள் அத்தனையிலும், சரியாக மார்புக்கு நேராக, ஒவ்வொரு சிவப்புக் கறை. பக்கத்தில் காய்ந்த தீபாவின் புடவையில் ஒரு பொட்டு இல்லை. தெட்சிணாமூர்த்தியின் துண்டிலும் இல்லை.

சிவக்குமார் அஸ்கரைத்தான் பிடித்தான். "ஒன் வேலதானே?"

"நான் வெத்தலயே போடுறதில்ல தம்பி. வாய மோந்து பாக்குறீங்களா?" என்று அஸ்கர் வாயைத் திறந்து காட்டினானாம்.

நான் நேரில் போனேன். வெயில் ஓடுகளைப் பிளந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. உள்ளே நுழைந்ததும் கூடம் மட்டும் சில்லென்று இருந்தது, மூடி வைத்த ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி. வாடின சாமந்தி வாசம். கூடத்துச் சுவரில் மாலை போட்ட கைலாசநாதன் படம், அதே இளக்காரப் பார்வையோடு.

தீபா என் கையைப் பிடித்துச் சமையற்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். நல்ல பெண்தான். அவளுக்கு வாய்த்தது அப்படி.

"அக்கா, நான் புழுங்கலரிசிதான் வடிக்கிறேன். அவரு தட்டுல மட்டும் பச்சரிசி வருது. வேகாத பச்சரிசி. கடிச்சிட்டுத் துப்புறாரு. தொட்டுப் பாத்தா ஐஸ் மாதிரி இருக்கு." அவள் அடுப்பை அணைத்தாள். "நேத்து மத்தியானம் தூங்கி எந்திரிச்சாரு. வாய் நெறைய அரிசி. உசுரோட இருக்குற மனுசனுக்கு யாராச்சும் போடுவாங்களாக்கா, வாய்க்கரிசி?"

"அவரு என்னா சொல்றாரு?"

"யாரோ வெளையாடுறாங்கன்னு சொல்றாரு. பாசிட்டிவா இருக்கணுமாம்."

கூடத்திலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தோம்.

கைலாசநாதன் உயிர் போன அதே சாய்வு நாற்காலியில் சிவக்குமார் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். எதிர்க் கட்டிலில் தெட்சிணாமூர்த்தி விழித்திருந்தார். அவர் பார்வை சிவக்குமார் மேல் இல்லை. அவன் தலைக்கு மேலே, நாற்காலிக்குப் பின்னால், ஒரு ஆள் நிற்கிற உயரத்தில் இருந்தது.

மின்விசிறி நின்றது. சமையற்கட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

குறட்டையும் நின்றது.

சிவக்குமாரின் தாடை மெல்ல இறங்கியது. தானாக இறங்கவில்லை. கன்னத்தின் இரண்டு பக்கமும் குழி விழுந்தது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து அழுத்தினால் விழுமே, அப்படி. மாத்திரை விழுங்க மாட்டேன் என்கிறவர்களுக்கு நாங்கள் அப்படித்தான் வாயைத் திறப்போம்.

ஒரு அரிசி விழுந்தது.

எங்கிருந்து என்று தெரியவில்லை. அவன் முகத்துக்கு ஒரு முழம் மேலே ஒன்றுமே இல்லை. அங்கிருந்து விழுந்தது.

இன்னொன்று.

நிதானமாக, அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக.

"கைலா," என்றார் தெட்சிணாமூர்த்தி. சொல்லிவிட்டுக் களக் களக்கென்று சிரித்தார்.

தீபா என் தோளைக் கடித்துக்கொண்டாள், சத்தம் வராமல் இருக்க. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

சிவக்குமார் இருமிக்கொண்டு எழுந்தான். அரிசியைத் தரையில் துப்பினான். எங்களைப் பார்த்து, "என்னா, வேடிக்கையா?" என்றான். வெளுத்துப் போயிருந்தான். அப்போதும் பேச்சுக்குக் குறைவில்லை. "இந்த ஆள வச்சிக்கிட்டுதான் இந்த வீட்டுல நெகட்டிவ் எனர்ஜி. மாயவரம் பக்கம் ஒரு இலவச இல்லம் இருக்கு. நாளைக்கே அனுப்பிடுறேன். நீங்க ஒங்க ஆளக் கூட்டிட்டுக் கெளம்புங்க."

இலவச இல்லம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு கூடத்தில் வரிசையாகப் போட்டு வைப்பார்கள். ஒரே சொல்தான் பேசத் தெரிந்த மனுஷன், அந்தச் சொல் யாரென்றே தெரியாதவர்கள் நடுவில். பத்து நாள் தாங்க மாட்டார்.

மறுநாள் உச்சிவேளைக்கு வேன் வந்தது. நல்ல நேரம் பார்த்து வைத்தாராம் சோமு மாமா. அவரும் துணைக்கு வந்திருந்தார்.

நான் கட்டிலுக்கு முன்னால் நின்றேன். "அவரு பென்ஷன்ல அவரு சாப்புடுறாரு. ஒங்களுக்கு ஒரு செலவும் இல்ல. இருக்குற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்."

"வீடு யாரோடது மேடம்?"

சட்டப்படி அவனுடையது. கட்டினவள் என்றால் ஒரு பேச்சு, பெற்ற பிள்ளை என்றால் ஒரு பேச்சு. தெட்சிணாமூர்த்திக்குச் சட்டத்தில் ஒரு பெயரும் இல்லை.

"கொஞ்சம் ஒத்துங்க மேடம்," என்று என்னை நகர்த்தினான். "இந்த மாதிரி அசிங்கத்தையெல்லாம் ஹோம் கேர்னு பேரு வச்சி வளக்குறீங்க."

அஸ்கர் முன்னால் வந்தான். வேன்காரன் அவனைப் பிடித்துக்கொண்டான். தெட்சிணாமூர்த்தி இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். லைன்மேன் பிடி. சிவக்குமார் குனிந்து அந்த விரல்களைப் பிரிக்க ஆரம்பித்தான். முன்பு பிரித்த மாதிரியே, ஒவ்வொன்றாக.

"வாங்க சார். நல்ல எடம். பாசிட்டிவா இருக்கும்."

கூடத்தில் காற்று நின்றது.

பன்னீர்ப் புகையிலை வாசம்.

முதலில் லேசாக. பிறகு பக்கத்தில் ஒருத்தர் நின்று மென்றால் அடிக்குமே, அந்த அளவுக்கு.

யாரோ தொண்டையைக் காறினார்கள். ஆழத்திலிருந்து, நிதானமாக, வாய் நிறையச் சேர்த்துக்கொள்கிற சத்தம்.

தூ.

சிவக்குமாரின் நெற்றியில் விழுந்து, மூக்கு வழியாக, சிவப்பாக இறங்கியது. அவன் துடைத்துக் கையைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான்.

"துப்புறியாடா என் மேல?" என்று கையை ஓங்கினான்.

தெட்சிணாமூர்த்தியின் உதடு காய்ந்து கிடந்தது. வாய் மூடியிருந்தது.

ஓங்கின கை இறங்கவில்லை. மணிக்கட்டில் ஐந்து விரல் பதிகிற மாதிரி சதை உள்ளே போனதை நான் பார்த்தேன். அவன் கத்துவதற்கு வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை. அரிசி வந்தது.

நாலைந்து மணி இல்லை. கொட்டியது. அவன் நெஞ்சில், கட்டில் விளிம்பில், என் காலில். விழுந்த இடமெல்லாம் சில்லிட்டது. மூச்சு விட முடியாமல் அவன் கண் பிதுங்கியது. இடது கையை விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தான். எடுக்க எடுக்க வந்தது.

சோமு மாமா செருப்பை விட்டுவிட்டு ஓடினார். நல்ல நேரம் பார்த்த மனுஷர். வேன்காரன் அவருக்கும் முன்னால் ஓடினான்.

மணிக்கட்டு விடுபட்டது. சிவக்குமார் தரையில் விழுந்து வாசலைப் பார்த்து ஊர்ந்தான். வாசலை நெருங்க நெருங்க அரிசி குறைந்தது. படியைத் தாண்டியதும் நின்றது. அங்கே கிடந்து நாய் மாதிரி மூச்சு வாங்கினான். தீபா அவனைத் தாண்டிப் போய், காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவனை எழுப்பக்கூட இல்லை.

கூடத்தில் நானும் அஸ்கரும் தெட்சிணாமூர்த்தியும் மட்டும். எனக்கு இடது பக்கத்தில், காதுக்கு ரொம்பப் பக்கத்தில், யாரோ மூக்கால் சிரித்தார்கள். "ஒன்னால முடியாதுன்னு சொன்னேன்ல" என்று சொல்லாமல் சொல்கிற சிரிப்பு.

சிவக்குமார் அப்புறம் ஒரே ஒரு தடவை போனில் பேசினான். "அந்தாளு இருக்குற வரைக்கும் இருக்கட்டும். நான் வரல." வாயில் எதையோ ஒதுக்கி வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. மேடைப் பேச்சை விட்டுவிட்டான் என்று கேள்வி. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

கொல்லைக் கட்டிலை நானும் அஸ்கரும் உள்ளே தூக்கி வந்து பழையபடி ஒட்டிப் போட்டோம். புதுக் கொசுவலை கட்டினோம். அஸ்கர் அங்கேயே தங்க ஆரம்பித்தான். அவனை ஒன்றும் தொந்தரவு செய்யவில்லை. உப்பு கூடிப் போனால் மட்டும் சமையற்கட்டில் ஒரு "தூ" கேட்குமாம். "வயசானவங்க அப்படித்தான்க்கா" என்று பழகிக்கொண்டான்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு உயிர் இப்படி அந்தரத்தில் நிற்கலாமா? போட வேண்டியவர் போடாததால்தானே போகாமல் இருக்கிறது. அதனால் ஒரு நாள் பச்சரிசி வாங்கிக்கொண்டு போனேன். கைலாசநாதன் படத்தை இறக்கிக் கட்டில் மேல் சாய்த்து வைத்தேன். தெட்சிணாமூர்த்தியின் இடது கையில் அரிசியைக் கொடுத்தேன்.

"போடுங்க சார். இப்ப தடுக்க யாரும் இல்ல. நீங்க போட்டாத்தான் அவரு நிம்மதியா போவாரு."

அவர் அரிசியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், வேறு ஒரு முகத்தில், அந்த உயரக் கதவு திறந்த அன்றைக்கு.

கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி, விரலை விரித்தார். அரிசி முழுக்கத் தரையில் கொட்டியது. ஒரு மணி ஒட்டியிருந்தது. அதையும் கட்டில் விளிம்பில் தேய்த்து உதறினார்.

அஸ்கர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தான். "ஒங்களுக்குப் புரியலையாக்கா? போட்டா அவரு போயிடுவாரு. யாரு இப்ப அவரப் போகச் சொன்னா?"

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. அஸ்கர் ஜும்மா தொழுகைக்குப் போக வேண்டும், நீங்க வந்து கொஞ்ச நேரம் பாத்துக்குங்க என்றான். வழியில் என் வண்டி பஞ்சர். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் கிளம்பிவிட்டிருந்தான். கதவைப் பூட்டி, சாவியை வழக்கமான இடத்தில் வைத்திருந்தான்.

திறந்துகொண்டு உள்ளே போனேன். நல்ல உச்சி. தூரத்தில் பாங்கு சொல்லி முடிந்திருந்தது.

கொசுவலையைத் தூக்கிவிட்டிருந்தது. தெட்சிணாமூர்த்தி மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துண்டு. முகத்தின் இடது பக்கம் மழுமழுவென்று மழித்திருந்தது. வலது பக்கம், அந்த விளங்காத பக்கம், முழுக்க சோப்பு நுரை. நுரை இன்னும் அடங்காமல் பொரிந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு கிண்ணத்தில் வெந்நீர். ஆவி வந்தது.

ரேஸரைக் காணவில்லை.

நான் பின்னால் நகர்ந்து, வாசலில் நின்று அஸ்கருக்குப் போன் பண்ணினேன். பள்ளிவாசல் முற்றத்தில் நின்று எடுத்தான்.

"ஷேவிங்க பாதியில விட்டுட்டா போன?"

"இல்லக்கா. நான் இன்னிக்கி ஆரம்பிக்கவே இல்ல. ஏன்க்கா?"

திரும்பிப் பார்த்தேன். தெட்சிணாமூர்த்தி தாடையைத் தூக்கி, கன்னத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார், பழக்கப்பட்ட கைக்குக் காட்டுகிற மாதிரி. பிறகு கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். நேரங்காலம் தெரியாமல் உள்ளே வந்து நிற்கிறவளைப் பார்க்கிற பார்வை.

"கைலா," என்றார். என்னிடம் சொல்லவில்லை.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். படியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் தெருவைச் சுட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே ரேஸர் கன்னத்தில் இழுபடுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்று, கிண்ணத்துத் தண்ணீரில் அலசி, மறுபடியும் இழுபட்டது.